முகப்பை அப்புறம் காட்டுங்கள்: மருத்துவமனை வரையப் போகும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டிடக்கலை படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற செவிலியர். உங்கள் தொழிலைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, உங்களைப் போன்றவர்கள் வரைந்த கட்டிடங்களுக்குள் இரவும் பகலும் நடந்தவள் என்பதுதான். என் அண்ணன் மகள் இறுதியாண்டுத் தீசிஸுக்கு மருத்துவமனையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய தாள்களையும் அவள் தோழர்கள் சிலருடைய தாள்களையும் விரித்துப் பார்த்தேன். கண்ணாடி முகப்பு, உள்ளே பல மாடி உயரத்துக்கு ஒரு கூடம், அதில் மரங்கள், கீழே காபிக் கடை. அழகாகத்தான் இருந்தன. நோயாளி படுக்கிற அறையைத் தேடினால், ஒரு மூலையில் 'மாதிரி வார்டு' என்று கையகலப் படம் ஒன்று. அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, அதைத் திறக்க முடியுமா முடியாதா என்பதுகூட அதில் தெரியவில்லை. தாள்களை மதிப்பிடும் ஜூரியிலும் யாரும் கேட்கவில்லையாம்.

ஐரோப்பிய மருத்துவமனைகளின் வரலாறு உங்கள் பாடத்தில் உண்டு என்று அவள் சொன்னாள். சிலுவை வடிவம், முற்றம் வைத்த கட்டிடம், தனித்தனிக் கட்டிடங்களாகப் பிரித்தது, பிறகு அடுக்குமாடி என்று பாணிகளின் வரிசையாக அதைப் படிக்கிறீர்கள். ஆனால் அந்த ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு சாவுக் கணக்கு இருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து செத்தவர்களை எண்ணினார், எண்ணிக்கையைக் கொண்டுபோய்ப் பெரியவர்கள் முன்னால் வைத்தார், அதற்குப் பிறகுதான் ப்ளான் மாறியது. அந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டார்களோ என்ற சந்தேகத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இடைக்காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். பிரான்சில் போன் என்ற ஊரில் 1443-இல் நிகோலா ரோலன் கட்டத் தொடங்கிய மருத்துவமனையை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள், வண்ண ஓடு வேய்ந்த கூரை. ஏழைகளின் கூடம் ஏறக்குறைய 50 மீட்டர் நீளம், கோடியில் பூசை மாடம். படுத்த இடத்திலிருந்தே பூசையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் ப்ளானின் நோக்கம். மிலானில் 1456-இல் ஃபிலரேட்டே வரைந்த பெரிய மருத்துவமனையிலும் சிலுவையாக வெட்டிக்கொள்ளும் கூடங்களுக்கு அதே நோக்கம்தான். ஆனால் அந்த மனிதர் கால்வாய்த் தண்ணீரை உள்ளே திருப்பிக் கழிப்பறைகளைக் கழுவ வழி செய்திருந்தார். அதற்காக அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். உயிர் பிழைப்பது கடவுள் கையில், ஆன்மாவைக் கரைசேர்ப்பது கட்டிடத்தின் வேலை என்று நினைத்த காலம் அது. எனவே சாவை யாரும் குறையாக எண்ணவில்லை.

எண்ணத் தொடங்கியது பாரிஸில், அதுவும் ஒரு தீ விபத்துக்குப் பிறகு. 1772 டிசம்பர் 29 இரவு ஒத்தேல்-தியூ மருத்துவமனை பற்றி எரிந்தது. நோத்ர்-தாம் தேவாலயத்துக்குப் பக்கத்தில், சேன் ஆற்றுத் தீவில் தொடங்கி, பாலத்தின் மேலேயும் ஏறி மறுகரை வரை பரவி நின்ற பழைய கட்டிடம் அது. எரிந்ததை அங்கேயே திரும்பக் கட்டுவதா, ஊருக்கு வெளியே கொண்டுபோவதா என்று பல வருடம் சண்டை. 1785-இல் புவாயே என்ற கட்டிடக் கலைஞர் ரோமாபுரியின் கொலோசியம் போல வட்டமாக, 5,000 படுக்கைகளோடு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பார்த்தால் மலைத்துப்போவீர்கள், அவ்வளவு பிரம்மாண்டம். அதைப் பரிசீலிக்க அரசர் அறிவியல் கழகத்தைக் கேட்டார். கழகம் அமைத்த குழுவில் இருந்தவர்களை உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும்: லவாய்சியர், லாப்லாஸ், மின்னூட்ட விதிக்குப் பெயர் தந்த அதே கூலூம். ப்ளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் படித்த மனிதர் ஆஸ்பத்திரி ப்ளானைச் சரிபார்க்க வந்தார் என்பதை என் அண்ணன் மகள் நம்பவே மறுத்தாள்.

மருத்துவமனை நிர்வாகம் அந்தக் குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை. ஆனால் குழுவில் ழாக் தெனோன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்பதை வருடக்கணக்கில் குறித்து வைத்திருந்தவர். 1788-இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் உள்ளதைச் சொல்கிறேன். பெரிய கட்டிலின் அகலம் 52 அங்குலம். அதில் நான்கு பேரைப் படுக்க வைத்தால் ஆளுக்கு 13 அங்குலம். ஆறு பேரைப் போட்டால் 9 அங்குலம்கூடத் தேறாது. நான்கும் ஆறும் அங்கே சாதாரணம். சிலர் எழுந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் கொஞ்ச நேரம் கண்ணயர்வார்கள். பிள்ளை பெற்றவர்களும் ஒரே கட்டிலில் பலர். சொறி பிடித்தவனின் உடையும் மற்றவர்களின் உடையும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும், ஆகவே வேறு நோய்க்கு வந்தவனும் சொறியோடு வீடு திரும்புவான். நாளைக்கு அறுவை செய்துகொள்ளப் போகிறவன் இன்றைக்கு அறுபடுகிறவனின் அலறலைப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டு படுத்திருப்பான்.

இதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் புலம்பல். தெனோன் வகுத்துப் பார்த்தார். ஒத்தேல்-தியூவில் உள்ளே போகிற நாலரைப் பேரில் ஒருவர் சாகிறார். எடின்பரோவின் மருத்துவமனையில் 25 பேருக்கு ஒருவர். அதே மனித உடம்பு, அதே நூற்றாண்டு, மருந்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

தேடிக்கொண்டு தெனோனும் கூலூமும் 1787-இல் இங்கிலாந்துக்குப் போனார்கள். பிளிமத் அருகே ஸ்டோன்ஹவுஸில் கடற்படைக்காக 1758-க்கும் 1765-க்கும் நடுவில் கட்டிய மருத்துவமனையில் அவர்களுக்கு விடை கிடைத்தது. 1,200 பேருக்கு இடம், ஆனால் ஒரே பெரிய கட்டிடமாக இல்லை. ஒரு முற்றத்தைச் சுற்றித் தனித்தனித் தொகுதிகள், நடுவே இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஜன்னல். ஒரு தொகுதியில் காய்ச்சல் பரவினால் அடுத்ததை அது தொடாது. தெனோன் அளவுகளோடு திரும்பினார். படிக்கட்டின் உயரத்தைக்கூட நோயாளியின் காலை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும், கட்டிலின் நீளத்தை உடம்பின் நீளத்தை வைத்து, அறையின் கொள்ளளவை அந்த உடம்பு இழுக்கும் மூச்சை வைத்து என்று எழுதினார். வட்ட வடிவத் திட்டத்தைக் குழு ஒதுக்கியது. 5,000 பேரை ஒரே இடத்தில் அடைக்காமல், நான்கு மருத்துவமனைகளாகப் பிரிக்கச் சொன்னது.

அப்புறம் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. மக்களிடம் வசூலான பணம் காலியாகிக்கொண்டிருந்த கஜானாவின் அவசரங்களில் கரைந்தது. புரட்சி வந்தது. குழுவின் அறிக்கைகளை எழுதிய பாயியின் தலை 1793-இல் உருண்டது, அடுத்த வருடம் லவாய்சியருடையது. பாரிஸின் லாரிபுவாசியேர் மருத்துவமனை, முற்றத்தின் இரு பக்கமும் வரிசையாகத் தனிக் கட்டிடங்கள் வைத்து, ஏறக்குறைய தெனோன் குழு கேட்ட விதத்திலேயே 1854-இல் திறந்தபோது 66 வருடம் ஓடியிருந்தது. இடையில் அந்தப் பழைய இடத்தில் செத்தவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது.

அதே 1854 நவம்பரில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போரின் பிரிட்டிஷ் வீரர்களைக் கொண்டுவந்து சேர்த்த துருக்கியின் ஸ்குட்டாரிக்குப் போய்ச் சேர்ந்தார். எங்கள் தொழிலில் அவரை விளக்கோடு மட்டுமே காட்டுவார்கள், பள்ளிச் சுவரில் மாட்டிய படத்திலும் விளக்குதான். எனக்கு அவர் கையிலிருந்த பேனாதான் பெரிதாகத் தெரிகிறது. துருக்கியப் படைக் குடியிருப்பைத்தான் அங்கே மருத்துவமனையாக்கி வைத்திருந்தார்கள். அடியில் அடைத்துக்கொண்ட சாக்கடை. 1855 பிப்ரவரியில், வந்து சேர்ந்த நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். நைட்டிங்கேல் அங்கே இருந்தும், அவ்வளவு கழுவித் துடைத்தும்தான் இந்த நிலை. மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து சாக்கடையைத் திறந்துவிட்டது, ஜன்னல்களுக்கு வழி செய்தது, குடிநீர் வரும் பாதையில் கிடந்த செத்த குதிரையை வெளியே இழுத்துப் போட்டது. ஜூனில் அதே கணக்கு நூற்றுக்கு 2 ஆயிற்று. ஊர் திரும்பிய பிறகு வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவரக்காரரோடு உட்கார்ந்து இந்த எண்களைக் கூட்டிக் கழித்தபோதுதான், போர்க்களத்துக் காயத்தைவிட அந்தக் கட்டிடம் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது என்பது அவருக்கே முழுதாக உறைத்தது.

அதே போருக்காக, துருக்கியின் டார்டனெல்ஸ் கடற்கரையில் ரென்கியோய் என்ற இடத்தில், ரயில்பாதையும் கப்பலும் கட்டிய புருனெல், இங்கிலாந்தில் மரத்துண்டுகளாகச் செய்து கப்பலில் ஏற்றி அனுப்பிய மருத்துவமனை ஒன்று 1855-இல் எழுந்தது. 50 பேருக்கு ஒரு வார்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பறை, காற்றை உள்ளே தள்ளும் விசிறி, ஒழுங்கான வடிகால். ஏறக்குறைய 1,300 பேர் வந்ததில் 50 பேர்தான் இறந்தார்கள். போர் முடியும் நேரமாகிவிட்டதால் அதிகம் பயன்படாமலே போனது. உங்கள் பாடத்தில் இது இல்லையென்றால் நீங்களே தேடிப் படியுங்கள். பிரித்து மாட்டுகிற கட்டிடம் பற்றி இன்றைக்குப் பேசுகிறவர்கள் எல்லாம் இந்த மனிதருக்குப் பேரப்பிள்ளைகள்.

இப்போது நெட்லி. இதை மட்டும் உங்கள் ஸ்டூடியோச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சவுத்தாம்ப்டன் கடல் ஓரமாக ராணுவத்துக்கு ஒரு மாபெரும் மருத்துவமனை. 1856 மே மாதம் விக்டோரியா மகாராணி அடிக்கல் நாட்டினார். கால் மைலுக்கும் மேல் நீளம், கப்பலில் வருகிறவர்கள் பார்த்து வியக்கும் முகப்பு. ப்ளான் நைட்டிங்கேல் கைக்கு வந்தபோது அடித்தளம் போட்டாயிற்று. அவர் பார்த்தது என்ன? வெயிலும் கடற்காற்றும் வரும் பக்கம் முழுக்க நீண்ட காரிடார். நோயாளிகள் படுக்கும் சிறுசிறு வார்டுகள் அதற்குப் பின்னால், ஒளி குறைந்த பக்கத்தில். ஒரு வார்டின் காற்று காரிடார் வழியாக அடுத்த வார்டுக்கு. கடலைப் பார்க்கும் உரிமை, நடந்து போகிறவர்களுக்கு.

அவர் பிரதமர் பாமர்ஸ்டனிடம் போனார். பாமர்ஸ்டனின் சொந்த மாளிகையும் அந்தப் பக்கம்தான். விஷயம் புரிந்ததும் போர் அமைச்சருக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினார்: குணமாக வருகிறவர்களின் வசதியைக் கட்டிடக் கலைஞரின் வீண் பெருமைக்குப் பலி கொடுத்திருக்கிறார்கள், ஆற்றிலிருந்து பார்த்தால் பகட்டாகத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை என்று. நாட்டின் பிரதமர், எழுத்தில். ஆனாலும் நிற்கவில்லை. பணம் செலவழித்தாயிற்று, மகாராணி கல் வைத்தாயிற்று, இனி இடித்தால் கேவலம். சில மாற்றங்களோடு 1863-இல் திறந்தார்கள். 1966-இல் நடுவிலிருந்த தேவாலயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இடித்தார்கள். நூறு வருடத்துக்கும் மேல் அந்த முகப்பு கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் காரிடாரில் ராணுவ ஜீப் ஓட்டினார்கள் என்று இரண்டாம் உலகப்போர்க் கதை ஒன்றும் உண்டு. உண்மையோ பொய்யோ, அதன் நீளத்துக்கு அது பொருத்தமான கதைதான்.

நெட்லியில் தோற்ற கோபத்தில் நைட்டிங்கேல் எழுதியவைதான் பிறகு வந்த தலைமுறைக்கே சட்டமாகின. மருத்துவமனைக்கு முதல் நிபந்தனை, அது நோயாளிக்குக் கெடுதல் செய்யாமல் இருப்பது என்று அவர் எழுதியது பலருக்குத் தெரியும். அதற்கு அடுத்துவரும் அளவுகளை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு வார்டில் 20-க்குக் குறையக்கூடாது, 32-க்கு மேல் போகக்கூடாது. அகலம் 30 அடி. ஒரு நோயாளிக்கு 1,500 கன அடி. கட்டில்களுக்கு நடுவே இரு சுவரிலும் ஜன்னல்கள், தரையிலிருந்து இரண்டு மூன்று அடியில் தொடங்கிக் கூரையைத் தொடும் உயரம் வரை. வார்டு முழுவதும் பொறுப்புச் செவிலியின் பார்வையில் இருக்க வேண்டும். வூல்விச்சில் டக்ளஸ் கால்ட்டன் வரைந்த ஹெர்பர்ட் மருத்துவமனை (1865), நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் ஹென்றி கரி வரைந்த செயின்ட் தாமஸ் (1871, ஏழு தனிக் கட்டிடங்கள்) எல்லாம் இந்த அளவில் எழுந்தவை. நம் ஊர்ப் பழைய அரசு ஆஸ்பத்திரிகளின் நீள வார்டும், அதன் உயரக் கூரையும், இந்த வழியில் வந்து சேர்ந்ததுதான்.

கணக்கு, கணக்கு என்கிறேனே, அதே கணக்கை வைத்து நைட்டிங்கேல் ஒருமுறை சறுக்கியதையும் சொல்லியாக வேண்டும். 1863-இல் அவர் வெளியிட்ட ஓர் அட்டவணையில் லண்டனின் 24 மருத்துவமனைகளின் சாவு விகிதம் 90.84 சதவீதம் என்று இருந்தது. படித்தவர்கள் பதறிப்போனார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செத்தால் அதற்குப் பெயர் மருத்துவமனையா? நடந்தது இதுதான். 1861-இல் ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்கள் 4,214 பேர். அந்த வருடம் முழுவதும் இறந்தவர்கள் 3,828 பேர். ஃபார் இதை அதால் வகுத்துவிட்டார். ஒரு கட்டிலில் வருடத்துக்குப் பத்துப் பேர் வந்து போனார்கள் என்று வைத்துக்கொண்டால், அதே எண் 9 சதவீதமாகிவிடும். மருத்துவர்கள் பாய்ந்தார்கள், பாய்ந்ததில் நியாயமும் இருந்தது. மேலே எதை வைக்கிறோம், கீழே எதை வைக்கிறோம் என்பது கட்டிடத்தின் தலையெழுத்தையே மாற்றும். மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு வைக்க வேண்டும் என்று அவர் முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சண்டையைப் பார்த்தால் அது எவ்வளவு தேவையான கோரிக்கை என்பது புரியும்.

இன்னொன்றும் உண்டு. கெட்ட காற்றிலிருந்துதான் நோய் பிறக்கிறது என்று நைட்டிங்கேல் நம்பினார், தெனோனின் காலமும் அப்படித்தான் நம்பியது. காரணம் தவறு, ஆனால் ஜன்னலைத் திறந்ததும் கட்டிலைத் தள்ளிப் போட்டதும் உயிர்களைக் காப்பாற்றின. காற்று மட்டும் போதாது என்பதும் அவருடைய கணக்கிலேயே தெரிந்தது. லண்டனில் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அவருடைய நிதியில் நடந்த பிரசவ வார்டில் தாய்மார்கள் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். 1867-இல் அதை மூடினார்கள். அவர் அதை மறைக்கவில்லை. எண்களைத் திரட்டி, வீட்டில் பிள்ளை பெறுவதே இந்த நிறுவனங்களைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது என்று 1871-இல் அச்சிலேயே சொன்னார்.

விடை இருபது வருடத்துக்கு முன்பே வியன்னாவில் கிடைத்திருந்தது, கேட்க ஆள் இல்லாமல். இக்னாஸ் செம்மல்வைஸ் வேலை பார்த்த பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். 1846-இல் முதல் பிரிவில் நூற்றுக்கு 11.4 பேரும், இரண்டாவதில் 2.8 பேரும் இறந்தார்கள். கட்டிடம் ஒன்று, காற்று ஒன்று. செம்மல்வைஸ் ஒவ்வொரு வித்தியாசமாக எடுத்துச் சோதித்தார். அதில் ஒன்று உங்களுக்குப் பிடிக்கும்: கடைசிச் சடங்கு செய்யவரும் பாதிரியார், முதல் பிரிவில் மணியடித்துக்கொண்டு ஐந்து வார்டுகளைக் கடந்துதான் நோயாளியிடம் போக முடியும், இரண்டாவதில் நேர்வழி உண்டு. மணிச் சத்தத்தின் பயமே பெண்களைக் கொல்கிறதோ என்று நினைத்துப் பாதிரியாரைச் சுற்றுவழியில், மணியில்லாமல் வரச் சொன்னார். சாவு குறையவில்லை. ஒரு ப்ளானில் உள்ள நடைபாதையைச் சந்தேக வரிசையில் நிறுத்தி விசாரித்து விடுதலை செய்த முதல் ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும்! பிணவறையிலிருந்து நேராக வரும் மாணவர்களின் கைதான் காரணம் என்று 1847 மே மாதம் கண்டுபிடித்து, குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18.3 ஆக இருந்தது ஜூனில் 2.2 ஆயிற்று.

இது கட்டிடக் கலைஞருக்குச் சம்பந்தமில்லாத கதை என்று நினைத்தால், கை கழுவும் தொட்டி எங்கே இருக்கிறது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே பத்தடி கூடினால், அவசர நேரத்தில் கை கழுவாமல் போகும் ஆட்கள் கூடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கிருமி பிடிபட்டதும் கட்டிடக்காரர்களுக்கு ஒரு தைரியம் வந்தது. இனிமேல் காற்று முக்கியமில்லை, மருந்து பார்த்துக்கொள்ளும். தனித்தனிக் கட்டிடங்களுக்கு நிலம் அதிகம், குளிர்நாட்டில் விறகுச் செலவு அதிகம், உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் தூரமும் அதிகம். ஹாம்பர்க்கில் எப்பென்டார்ஃப் மருத்துவமனை 1889-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டிடங்களோடு ஒரு சின்ன ஊராகவே இருந்தது. பார்சலோனாவில் டொமெனெக் இ மொந்தானேர் 1902-இல் தொடங்கிய சாந்த் பாவ் கட்டிடங்களை நிலத்தடிப் பாதைகளால் இணைத்தார். கண்ணுக்கு விருந்து, கட்டி முடிப்பதற்குள் 1930 ஆகிவிட்டது. 1935-இல் பாரிஸை ஒட்டிய கிளிஷியில் போஜோன் மருத்துவமனை அடுக்குமாடியாக எழுந்தபோது பழைய விவாதம் முடிந்துவிட்டது. லிஃப்ட் வென்றது.

காசநோய் மட்டும் விதிவிலக்கு, அதற்கு அப்போது மருந்து கிடையாது. பின்லாந்தின் பைமியோவில் ஆல்வார் ஆல்ட்டோ 1933-இல் முடித்த நிலையத்தில், படுத்திருப்பவன் பார்ப்பது கூரையைத்தான் என்று கூரைக்குக் கண் கூசாத நிறம் பூசினார், விளக்கைப் பார்வைக்கு வெளியே வைத்தார், பக்கத்துக் கட்டில்காரன் தூங்கட்டும் என்று தண்ணீர் சத்தமில்லாமல் விழும்படி கை கழுவும் தொட்டியை வளைத்தார். இதற்கு மேல் நான் விளக்கினால் கெட்டுவிடும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இங்கிலாந்து கட்டியது வேறு. 1962 திட்டத்தில் 90 புதிய மருத்துவமனைகள் அறிவித்தார்கள். பணம் போதாமல், ஒன்றின் விலையில் இரண்டு என்ற கணக்கில் 1970-களில் ஒரே அச்சில் சில மருத்துவமனைகளை வார்த்தார்கள். ஃப்ரிம்லி, பரி செயின்ட் எட்மண்ட்ஸ் அந்த வகை. கூரைக்குக் காற்றுக்குமிழி நிறைந்த இலகுவான கான்கிரீட் பலகை போட்டார்கள். அதன் ஆயுள் முப்பது வருடம் என்று இப்போது சொல்கிறார்கள். கிங்ஸ் லின் ஊரில் அதே பலகையால் ஆன மருத்துவமனையில் கூரை விழாமலிருக்க ஆயிரக்கணக்கான முட்டுக்கால்கள் கொடுத்து, அவற்றுக்கு நடுவே கட்டில் போட்டு வைத்தியம் நடக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய போன் கட்டிடம் 1971 வரை மருத்துவமனையாக ஓடியது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கைவிட்ட காற்றைத் திரும்ப அளந்தவர்கள் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தார்கள். பெரு நாட்டின் லீமாவில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு அது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட வார்டுகளில் மணிக்கு 40 முறை காற்று மாறியது. புதிதாகக் கட்டியவற்றில் ஜன்னல் திறந்தும் 17 முறை. காசநோய்க்கென்றே இயந்திரம் வைத்த அறைகளின் அளவு 12. நன்றாகப் பணம் செலவழித்து மூடிய அறை, திறந்த ஜன்னலிடம் தோற்றுப்போனது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் பொது வார்டுக்கு ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்று என்று இயற்கைக் காற்றோட்டத்துக்கே அளவு வகுத்தது.

நீள வார்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அங்கே மறைவு கிடையாது. திரை இழுத்தால் எல்லோருக்கும் தெரியும் யார் போய்விட்டார் என்று. இங்கிலாந்தில் பெம்பரி மருத்துவமனை 2011-இல் எல்லா நோயாளிக்கும் தனி அறை கொடுத்தது. அங்கே ஆய்வாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள், பழைய இடத்திலும் அளந்தார்கள், குடிபோன பிறகும் அளந்தார்கள். நோயாளிகளில் மூன்றில் இரண்டு பேருக்குத் தனி அறை பிடித்திருந்தது. மற்றவர்களுக்குப் பேச்சுத்துணை இல்லை. செவிலியர்களின் நடை கூடிவிட்டது, ஒரே பார்வையில் எல்லோரையும் பார்ப்பதும் போயிற்று. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தீர்ப்புச் சொல்லத் தேவையான எண்கள் அங்கே இருக்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியம். பெரும்பாலான மருத்துவமனைகளில் ரிப்பன் வெட்டியதோடு வரைந்தவர் காணாமல் போய்விடுகிறார்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த ஜூரிக்கு முகப்பைக் கடைசித் தாளாக வையுங்கள். முதல் தாள் ஒரு கட்டிலாக இருக்கட்டும், அளவோடு: பக்கத்துக் கட்டில் எவ்வளவு தூரம், ஜன்னல் எவ்வளவு திறக்கும், தொட்டிக்கு எத்தனை அடி, இரவு டியூட்டி செவிலி உட்காரும் இடத்திலிருந்து அந்த நோயாளியின் முகம் தெரியுமா தெரியாதா. மின்சாரம் போனால் அந்த அறையில் காற்று எப்படி வரும் என்று ஒரு வரி எழுதுங்கள். சைட் விசிட் என்று போனால் மேலாளரோடு சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், இரவு ஷிப்டில் ஒரு வார்டு சிஸ்டர் பின்னாலேயே நடந்து பாருங்கள், கால் வலித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜூரி மேசையில் ஒரு நாற்காலியை வார்டில் வேலை பார்த்த ஒருவருக்கு ஒதுக்குங்கள். கூப்பிட்டால் வருவோம், பஸ் கட்டணத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

நாளைக்கு நீங்கள் வரைந்த மருத்துவமனை எழும்பி ஒரு வருடம் ஆனதும், திரும்ப உள்ளே போக அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தொற்று எத்தனை, விழுந்தவர்கள் எத்தனை, செத்தவர்கள் எத்தனை என்று கேளுங்கள். எதை எதால் வகுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதை எழுதி வெளியிடுங்கள். தெனோனின் குழுவுக்கும் முதலில் கதவு திறக்கவில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வார்டு செவிலி ஒருத்தி